பூஜையில் வைத்த ஆயில் டின்

நம்ம வயசு ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் மூட்டு வலியில் வந்து நிற்கும், இல்லாவிட்டால் கார் சர்வீஸ் பில்லில். போன வாரம் அப்படித்தான். ஷோரூம்காரன் ஆயில் மாற்றியதற்குப் போட்ட பில்லை ஒருத்தர் போனில் காட்டினார். அநியாயம், பகல் கொள்ளை என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினீர்கள். இன்னொருத்தர், "இதுல என்னங்க பெரிய வித்தை? அடியில ஒரு நட்டு, மேல ஒரு மூடி. நாமே மாத்திக்கலாம்" என்றார். நான் சட்டென்று எழுந்துவிட்டேன். ஏன் ஒரு மாதிரி ஆயிட்டே என்று கேட்டீர்கள்.  இப்போது சொல்கிறேன்.

என் அப்பாவும் அட்சரம் பிசகாமல் இதையேதான் சொன்னார்.

எண்பதுகள் முடியப்போகிற சமயம். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்கு ஆவடியில், ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில், ஸ்டோர்ஸில் வேலை. அதாவது சாமான்களை எண்ணி உள்ளே வைப்பது, எண்ணி வெளியே கொடுப்பது. ஸ்பேனர் பிடித்து ஒரு நட்டைத் திருகிய மனுஷர் இல்லை. ஆனால் தெருவில் யாராவது "சார் பீரங்கியே செய்யிறவராச்சே" என்றால் மறுக்கவும் மாட்டார். மீசையைத் தடவிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார், அவ்வளவுதான்.

அந்த அப்பா கடன் போட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். சின்ன வெள்ளைக் கார். உள்ளே ஏறினால் ரெக்சின் வாசனை, பெட்ரோல் வாசனை, முன்னால் வைத்திருந்தவர் தலைக்குத் தடவிய எண்ணெயின் வாசனை, மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறும். முன்பக்கம் ஒரு குட்டி ஃபேன் இருந்தது. அது சுற்றும்போது காற்றைவிடச் சத்தம்தான் அதிகம் வரும். அந்தக் கார் எங்கே போயிற்றோ, அந்த ஃபேன் எங்கே போயிற்றோ தெரியவில்லை. தெருவில் எல்லோரும் எங்களுக்குத் திமிர் வந்துவிட்டது என்றார்கள். கார் வாங்கியது பவுசுக்கு இல்லை, அத்தைக்காக.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாத பெண். அண்ணன்கள் இரண்டு பேர்தான் எல்லாம். மூத்தவர் பெரியப்பா, பாரிவாக்கத்தில் ஒரு செங்கல் லாரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தையைப் பூந்தமல்லி தாண்டி ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். முதல் பிரசவத்துக்கு அவளுக்கு அங்கேயே வலி எடுத்துவிட்டது. ஊரில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த நாள். வண்டி கிடைக்காமல் அலைந்து, கடைசியில் ஒரு டிராக்டரில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை தங்கவில்லை.

நல்ல வண்டி இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று அப்பா நினைத்தார். காப்புக் கட்டின பிறகு ஊர் எல்லையைத் தாண்டினதால்தான் இப்படி ஆயிற்று என்று பெரியப்பா நினைத்தார். இரண்டு பேரும் அப்போது இதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை. தங்கையை ஆளுக்கொரு பக்கம் காவல் காத்தார்கள், அவ்வளவுதான். அத்தை என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த முறை அத்தை உண்டானபோது, வளையல் போட்ட கையோடு எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மாமாவுக்கு ஆந்திரா பக்கம் வேலை, எப்போதாவதுதான் வருவார். அம்பத்தூரில் ஒரு லேடி டாக்டரின் நர்சிங்ஹோமில் காட்டினோம். "வலி வந்தா ஒரு நிமிஷம்கூட வீட்டுல வெச்சுக்கக் கூடாது. நடக்கவும் விடாதீங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. அத்தை இருமினால் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வருவாள். அத்தை பெருமூச்சு விட்டால் அப்பா சட்டையை மாட்டுவார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து தெருமுனைக்கு வந்ததும் முதலில் கார் வாசலில் நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்றால்தான் மூச்சு வரும்.

இந்த நேரத்தில்தான் காரை சர்வீசுக்கு விட வேண்டி வந்தது. எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டிய வண்டியாயிற்றே என்று அப்பா அதை ஊருக்குள் கார் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுபோய் விட்டார். சாயங்காலம் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. பில்லைத் தூக்கி அம்மா முன்னால் போட்டார்.

"ஆயிலுக்குக் காசு, சரி. ஃபில்டருக்குக் காசு, சரி. கூலி, அதுவும் சரி. கடைசி வரிய படிச்சியா? கை தொடைக்கிற துணிக்குக் காசு போட்டுகிறான்! அப்ப அந்தத் துணிய குடுடான்னேன். மொறைக்கிறான்."

"அதே ஆயிலு கடையில இன்னா வெல?" என்றாள் அம்மா.

"பாதி. பாதிக்கும் கம்மி. அடியில ஒரு நட்டு, மேல ஒரு மூடி. இனிமே நானே மாத்திட்டுப் போறேன். அந்தக் காசு இவ டெலிவரிக்கு ஆவும்ல?"

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் தெருவிலிருந்தே, "அண்ணாத்தே, ஒரு டீ வாங்கிக் குடு, நான் மாத்திக் குடுக்கறேன்" என்று குரல் கொடுத்தார். அப்பாவுக்கு ரோஷம். பீரங்கி செய்கிறவருக்கு ஆட்டோக்காரர் ஆயில் ஊற்றுவதாவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

புரட்டாசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. கம்பெனிக்காரன் ஒழுங்காக மாற்றியிருக்க மாட்டான், அதற்குள் மறுபடி ஆயில் மாற்றி வண்டியைப் புதுசு போல ஆக்கிவிடுவது என்று ஆயுத பூஜைக்கு முந்தின நாளை அப்பா குறித்துக்கொண்டார். பூஜைக்கு வண்டி உள்ளும் புறமும் சுத்தமாக இருக்கவேண்டும் என்று ஒரு காரணம் வேறு.

முன்சக்கரங்களைக் கட்டைப் பலகைகள் மேல் ஏற்றி நிறுத்தினார். அம்மா துணி ஊறவைக்கிற அலுமினியப் பேசினைக் கேட்காமலே எடுத்து அடியில் தள்ளினார். நட்டைக் கழற்றியதும் கன்னங்கரேலென்று ஆயில் இறங்கியது. சூடான, கருகின வாசனை தெருவெல்லாம் பரவியது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாவுக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. "பாத்தியா, எவ்ளோ அழுக்கு! கம்பெனிக்காரன் அவசர அவசரமா வடிச்சிட்டு மூடிடறான். பாதி உள்ளாறவே தங்கிடுது. நான் ராத்திரி பூரா சொட்ட உடப்போறேன். காலையில ஊத்திக்கலாம்."

அத்தை வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, இப்பவே ஊத்திட்டா இன்னா?" என்றாள் மெதுவாக.

"நீ பயப்படாத. எனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா.

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கார் நின்ற பக்கமிருந்து சொட்டு விழுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

விடிந்ததும் விடியாததுமாகப் பெரியப்பா லாரியைப் பூஜைக்கு ஊரிலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். இரண்டு வாழைக்கன்று, ஒரு பூசணிக்காய், மூட்டையாகப் பொரி. பூஜை என்றால் அவர் சொல்வதுதான் சட்டம். அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் கூடத்தில் பலகை போட்டு எல்லாவற்றையும் அடுக்க ஆரம்பித்துவிட்டார். என் புத்தகங்கள், அம்மாவின் அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்பேனர்கள். மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருந்த அந்த நட்டு. பிறகு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த புது ஆயில் டின்.

"அண்ணே, அது மட்டும் இருக்கட்டும். ஆயில ஊத்திட்டு டின்ன வெக்கலாம்" என்றார் அப்பா.

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். "காலி டின்னையா சாமிக்கு வெப்ப? வருசம் பூரா காலியாவே கெடக்கவா? ரொம்பி கீற டின்ன வைடா. நல்ல நேரம் முடியப் போவுது."

"அப்ப ஆயிலு?"

"நாளைக்கிக் காலையில மறுபூஜை போட்டு எட்த்து ஊத்து. ஒரு நாள்ல இன்னா கொறஞ்சிடப் போவுது? அவளுக்குத்தான் இன்னும் நாள் கீதே."

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். பெரியப்பா டின்னுக்கு மூன்று பட்டை சந்தனம் இழுத்துக் குங்குமம் வைத்தார். நட்டுக்கும் வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது என்பது உங்களுக்கெல்லாம் நான் சொல்லியா தெரிய வேண்டும்? புத்தகத்தை வைத்துவிட்டால் படிக்க வேண்டாம் என்று நாமெல்லாம் குதித்தவர்கள்தானே. அந்த வருஷம் எனக்குக் குதிக்கத் தோன்றவில்லை.

அடுத்தது எலுமிச்சம்பழம். நாலு சக்கரத்துக்கும் அடியில் பழத்தை வைத்து வண்டியை நகர்த்தி நசுக்க வேண்டும். வண்டியைக் கிளப்ப முடியாது, அதுதான் ஆயில் இல்லையே. அதனால் மாலை போட்ட காரைப் பலகையிலிருந்து இறக்கித் தெருவே சேர்ந்து தள்ளியது. "தள்ளு மாமே, பீரங்கி போவுது" என்று எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். மூன்று பழம் நசுங்கியது. நாலாவது வழுக்கிக்கொண்டு முழுசாக வெளியே ஓடியது. அம்மா போட்ட கோலத்தின் மேல் காரின் அடியிலிருந்து கறுப்பாக இரண்டு சொட்டு விழுந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு முடிந்தது. பெரியவர்கள் கண்ணயர்ந்தார்கள். அத்தை பாயில் படுத்திருந்தாள், நான் பக்கத்தில் பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அத்தை "அண்ணி" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. ஆனால் அந்தக் குரலில் அம்மா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். பாய் நனைந்திருந்தது.

"பனிக்கொடம் ஒடஞ்சிடுச்சி. வண்டிய எடுங்க!"

அப்பா சாவியை எடுத்துக்கொண்டு பாய்ந்து ஓடினார். கார் கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.  அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோ பிடிக்க மெயின் ரோட்டுக்கு ஓடினாள். அப்பா கூடத்துக்குத் திரும்பி வந்து ஆயில் டின்னை நோக்கிக் கையை நீட்டினார்.

"டேய், கைய எட்றா!" என்று பெரியப்பா குறுக்கே வந்து நின்றார். "வெச்ச பூஜைய கலைப்பியா? போன தபா காப்பு மீறி இட்டுகினு போயி இன்னா ஆச்சின்னு மறந்துட்டியா?"

"ஆயிலு இல்லாம வண்டி போவாதுண்ணே. எஞ்சின் புடிச்சிக்கும்."

"ஆட்டோ வருதுடா. செத்த இரு."

"வரலைன்னா?"

"வரும்ன்றேன்."

பெரியப்பாவின் உதடு நடுங்கியது. கோபத்தில் இல்லை, பயத்தில். இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது எனக்குக் கோபமாகத்தான் தெரிந்தது. அப்பா நீட்டிய கையை முழுசாக இழுத்துக்கொள்ளவும் இல்லை, டின்னைத் தொடவும் இல்லை. அம்மா அத்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 

அக்கா மூச்சு இரைக்க ஓடி வந்தாள். "ஸ்டாண்டுல மைக் செட்டு போட்டுகினு ஆடறாங்க. வண்டிக்கு எல்லாம் பூஜை போட்டாச்சு, நாளைக்குத்தான் எடுப்பாங்களாம். எதிர்வூட்டாரு அங்கதான் மட்டையாயி கெடக்கறாரு. ஒருத்தனும் நிதானத்துல இல்ல."

அப்போதும் இரண்டு பேரும் நின்றுகொண்டேதான் இருந்தார்கள்.

அத்தை அம்மாவின் கையை விலக்கிவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நடக்கக் கூடாது என்று அம்மா கத்தியது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பெரியப்பாவைத் தாண்டிப் போனாள். குனிந்து நட்டையும் ஸ்பேனரையும் எடுத்து அப்பாவின் கையில் திணித்தாள். டின்னைத் தூக்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தரையோடு இழுத்தாள். பொரியும் பூவும் டின்னோடு சேர்ந்து வந்தன.

"இந்தாண்ணே. ஊத்து. சாமி கேட்டா என்னிய கேக்கட்டும், நான் சொல்லிக்கிறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வலி வந்து அவளை இரண்டாக மடக்கியது. அம்மா ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள்.

பிறகு எல்லாமே அவசரம், ஆனால் எதுவும் சீக்கிரம் நடக்கவில்லை. வண்டி இப்போது கட்டைப் பலகைமேல் இல்லாததால் காருக்கு அடியில் நுழைய இடம் போதவில்லை. அப்பா மண்ணில் மல்லாந்து தேய்த்துக்கொண்டு போனதில் சட்டை கிழிந்தது. நட்டின் மரையில் பெரியப்பா வைத்த சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. திருகினால் ஏறவில்லை. வெளியே எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார், மறுபடி உள்ளே போனார். "புடிச்சிக்க, புடிச்சிக்கடா" என்று அந்த நட்டிடம் கெஞ்சுகிற குரல் மட்டும் வெளியே கேட்டது. கடைசியில் அது ஏறிற்று. அம்மா மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலைக் கொண்டுவந்து வைத்து டின்னைச் சாய்த்தாள். புது ஆயில் தேன் மாதிரி மெதுவாக இறங்கியது. நம்ம அவசரம் அதற்கு எங்கே தெரியும்? உள்ளே அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது தெரு வரைக்கும் கேட்டது. முழு டின்னும் இறங்கும்வரை அப்பா பொறுக்கவில்லை. போதும் போதும் என்று மூடியைப் போட்டார்.

வண்டி கிளம்பியது. மாலையோடு, சந்தனப் பொட்டோடு போயிற்று. பின் சீட்டில் அத்தையின் தலை அம்மாவின் தோளில் சாய்ந்திருந்ததுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

வீட்டில் நானும் பெரியப்பாவும் மட்டும். அவர் சிதறின பொரியைக் கையால் கூட்டி அள்ளினார். டின் இருந்த இடம் வெறுமையாக இருந்ததால் பூசணிக்காயை அங்கே நகர்த்தி வைத்தார். கற்பூரம் ஏற்றினார். அது அணைந்ததும் இன்னொன்று ஏற்றினார். "ரயில்வே கேட்டு போட்டிருப்பானா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "பாப்பா, நீ வேண்டிக்க. கொழந்தைங்க வேண்டிக்கிட்டா கேக்கும்" என்றார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம். ஆனாலும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டேன். வண்டி வழியில் நின்றுவிடக் கூடாது, நின்றுவிடக் கூடாது. அதைத் தவிர வேறு எதுவும் என் வாயில் வரவில்லை.

தெருவிளக்கு போட்ட சமயம் கார் சத்தம் கேட்டது. பெரியப்பா எழுந்திருக்கவில்லை.  அப்பா வண்டியை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தேன்.

"பொண்ணு" என்றார். "பொறந்ததும் அழுவல. டாக்டர் தலகீழா தூக்கித் தட்டினாங்க. அப்புறம் அழுதுச்சி. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. இன்னும் செத்த லேட்டா வந்திருந்தீங்கன்னா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு சொன்னாங்க."  என் தோளைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு எங்கள் கார் ஆயிலுக்குக் கம்பெனியை விட்டு வேறு எங்கேயும் போகவில்லை. அவர்கள் என்ன கேட்டாலும் அப்பா கொடுத்தார். சொந்தமாக மாற்றுவது என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை.

ஆனால் கதை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு விசேஷத்திலும் அப்பா அதைச் சொல்வார். "சாமியாவது பூதமாவதுன்னு டின்ன தூக்கினு ஓடனேன் பாரு!" பெரியப்பா விட்டுக்கொடுக்க மாட்டார். "நான் எட்றான்னு சொன்னேன், அப்பறம்தான் நீ எட்த்த" என்பார். அத்தை பக்கத்திலேயே தாம்பூலம் மடித்துக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். கேட்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்குப் பிறந்த பெண்ணுக்கே பிறகு வளைகாப்பு நடந்தது. அன்றும் கிழவர்கள் இரண்டு பேரும் அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, கை நிறைய வளையலோடு அவள் விழுந்து விழுந்து சிரிக்க, அதே கதையைச் சொன்னார்கள். இந்த முறை என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தையைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன் அத்தை, உனக்கு ரோஷமே கெடையாதா? எடுத்தது நீதானே? நான் கண்ணால பாத்தேன். வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

 உள்ளே மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நான்தான் எடுத்தேன்னு சொன்னா, எதுக்கு நீ எடுத்தேன்னு கேப்பாளே. அவங்க ரெண்டு பேரும் பாத்துக்கினு நின்னாங்கன்னு சொல்லணும்ல? மாமனுங்க மேல உசுரயே வெச்சிகிறா. அவளுக்கு அது வேணாம்."

முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, பந்தி பார்க்க உள்ளே போனாள்.